சுவிஸ் கத்தியும் ஒற்றைக் கையும்

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த வெளிநாட்டுக்காரர் எல்லோரும் திரும்பிப் போய்விட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த சொக்லேற்றும் முடிந்துவிட்டது. ஆனால் பரந்தனுக்குக் கிழக்கே உள்ள ஒரு கிராமத்தில், எனக்குத் தெரிந்த ஒரு அண்ணையின் அலுமாரிக்குள் ஒரு சின்னப் பெட்டி மட்டும் அப்படியே கிடந்தது. அதற்குள் இருந்தது ஒரு சிவப்பு மடக்குக்கத்தி. சுவிஸில் இருந்து வந்த அக்காவின் மகன் மாமாவுக்கென்று ஆசையாக வாங்கி வந்தது.

2009 இல் எறிகணைச் சிதறல் ஒன்று அந்த அண்ணையின் இடது கையை முழங்கைக்குக் கீழே கொண்டு போய்விட்டது. இப்போது வீட்டுத் தோட்டமும் கொஞ்சக் கோழிகளும் வைத்திருக்கிறார். கோழித்தீன் மூடையின் நூலைப் பல்லால் கடித்துத்தான் அறுப்பார். அதைப் பார்த்துத்தான் மருமகனுக்கு ஒரு கத்தி வாங்கிக் கொடுக்கத் தோன்றியிருக்கிறது. பெட்டியைத் திறந்து கத்தியைக் கொடுத்த பிறகுதான், அதை விரிக்க இரண்டு கை வேண்டும் என்பது அவனுக்கு உறைத்தது. ஒரு கையால் பிடித்து மறு கையின் நகத்தால் இழுக்க வேண்டும். அண்ணை கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல சாமான்" என்றார். கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்தார். மருமகன் ஒன்றும் பேசவில்லை என்று அண்ணி சொன்னார்.

ஒரு மாதம் கழித்து நான் அங்கே போனபோது அண்ணையே அதை எடுத்து வந்து மேசையில் வைத்தார். "உதை என்னெண்டு திறக்கிறது எண்டு ஒருக்காப் பாரும். எனக்கு அண்ணி திறந்து தர வேண்டாம். நான் திறக்க வேணும்." இந்தக் கட்டுரை அந்த மேசையில் இருந்துதான் தொடங்குகிறது. வீட்டில் இப்படி ஒரு கத்தி வந்து கிடக்கும் எல்லோருக்கும் இது பயன்படும். ஒற்றைக் கையோடு வாழ்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பயன்படும்.

எதற்காகப் பிறந்த கத்தி

சுவிற்சர்லாந்தின் ஷ்வீற்ஸ் மாநிலத்தில் இபாக் என்று ஓர் ஊர் இருக்கிறது. கார்ல் எல்செனர் என்ற கத்தித் தொழிலாளி 1884 இல் அங்கே ஒரு பட்டறை தொடங்கினார். அந்தக் காலத்தில் சுவிஸ் இராணுவம் தனது சிப்பாய்களுக்கு ஒரு மடக்குக்கத்தி தேடிக்கொண்டிருந்தது. தேவை இரண்டு. தகரப் பேணியில் அடைத்த உணவைத் திறக்க வேண்டும். புதிதாக வந்த துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டத் திருப்புளி வேண்டும். ஒரு அலகு, ஒரு துளையூசி, ஒரு பேணி திறப்பான், ஒரு திருப்புளி, கருமையான மரப்பிடி. 1890 ஆம் ஆண்டு மாதிரி அவ்வளவுதான்.

முதல் தொகுதிக் கத்திகள் ஜேர்மனியின் சோலிங்கன் நகரில்தான் செய்யப்பட்டன. அவ்வளவு எண்ணிக்கையைச் செய்து கொடுக்க சுவிஸில் அப்போது வசதி இருக்கவில்லை. எல்செனர் உள்ளூர்க் கத்தித் தொழிலாளரைச் சேர்த்துக்கொண்டு 1891 முதல் கத்திகளைச் செய்து கொடுக்கத் தொடங்கினார். ஜேர்மன் ஆலைகளின் விலையோடு போட்டி போட முடியவில்லை. கூட இருந்தவர்கள் விலகினார்கள். அவர் கடனில் மூழ்கும் நிலைக்கு வந்தார். ஆனாலும் விடவில்லை. 1897 இல் இன்னும் இலேசான ஒரு கத்தியை வடிவமைத்துப் பதிவு செய்தார். சின்ன அலகு ஒன்றும் தக்கை திருகியும் அதில் கூடுதலாக இருந்தன. இரண்டே இரண்டு வில்லுத் தகடுகளில் ஆறு கருவிகளை நிறுத்தியதுதான் அதன் கெட்டித்தனம். அதிகாரிகள் கத்தி என்று அதற்குப் பெயர் வைத்தார். இராணுவம் அதை வழங்கவில்லை. விரும்பிய அதிகாரிகள் தங்கள் காசில் வாங்கினார்கள். இன்று வெளிநாட்டு உறவுகள் கொண்டுவரும் சிவப்புக் கத்தி அதன் வழியில் வந்ததுதான்.

1909 இல் எல்செனரின் தாயார் விக்டோரியா இறந்தபோது, அவருடைய பெயரையே எல்செனர் தன் தொழிலுக்கு வைத்தார். 1921 இல் துருப்பிடிக்காத உருக்குப் பயன்பாட்டுக்கு வந்தது. பிரெஞ்சில் அதைச் சுருக்கமாக இனொக்ஸ் என்பார்கள். அம்மாவின் பெயரும் உருக்கின் பெயரும் சேர்ந்து விக்டோரினொக்ஸ் ஆனது.

இதை அண்ணைக்குச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான். "அப்ப இது ரின்மீன் பேணி திறக்க வந்த கத்தியோ?" அப்படித்தான். முகாமில் பேணியைக் கத்தி முனையால் குத்தித் திறக்கப்போய்க் கையைக் கிழித்துக்கொண்டவர்களை நாங்கள் இருவரும் கண்டிருக்கிறோம்.

உள்ளே என்ன நடக்கிறது

எங்கள் ஊர்க் கத்திகள் மடிவதில்லை. ஓலை வார்கிற சத்தகமும் சீவல் தொழிலாளியின் பாளைக்கத்தியும் பிடியோடு ஒரே நேராக நிற்பவை. பாதுகாப்புக்கு உறையில் போடுவோம், அல்லது கூரையில் செருகுவோம். மடக்குக்கத்திக்கு உறை அதன் பிடிதான். அதனால் அதைப் புரிந்துகொள்ள அலகைப் பார்ப்பதை விடப் பிடிக்குள் பார்க்க வேண்டும்.

பிடியின் முதுகுப் பக்கத்தில் நீளமான உருக்குத் தகடு ஒன்று இருக்கிறது. அதுதான் வில்லு. அலகின் அடிப்பகுதியை அது எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். அலகை விரிக்கும்போது அடிப்பகுதி அந்த வில்லைத் தூக்கித் தள்ளும். முழுதாக விரிந்ததும் வில்லு டக்கென்று கீழே விழுந்து தட்டையாகப் பொருந்தும். நாம் கேட்கிற சத்தம் அதுதான். மடிக்கும்போதும் இதே கதை.

கவனிக்க வேண்டியது, இது பூட்டு அல்ல. வில்லின் அழுத்தம் மட்டும்தான் அலகை நிறுத்தி வைத்திருக்கிறது. அலகின் முதுகுப் பக்கம் போதிய பலம் பட்டால் அது மடங்கும். மடங்கும் இடத்தில் இருப்பது நம் விரல்கள். ஆகவே இந்தக் கத்தியால் குத்தக் கூடாது. நெம்பக் கூடாது. அலகைச் சுத்தியலால் தட்டவும் கூடாது. இழுத்து வெட்டுவதற்கு மட்டுமே இது.

இரண்டு கை இருப்பவருக்கு விரலில் ஒரு வெட்டு என்றால் ஒரு வாரம் துணி சுற்றிக்கொண்டு மறு கையால் வேலை பார்க்கலாம். அண்ணைக்கு மறு கை இல்லை. வலது கையின் ஒரு விரல் வெட்டுப்பட்டால் சாப்பிடுவது, சறம் கட்டுவது, சைக்கிள் பிடிப்பது எல்லாம் நின்றுவிடும். கத்தியை அலுமாரிக்குள் வைத்ததற்கு வெட்கம் மட்டும் காரணமில்லை. பயமும் இருந்தது. அந்தப் பயம் நியாயமானது.

ஒரு துண்டு வேப்பங்கட்டை

முதலில் அவர் முயற்சி செய்தது எல்லோரும் செய்வதைத்தான். கத்தியை முழங்கால்களுக்கு இடையில் இறுக்கிப் பிடித்து நகத்தால் இழுத்தார். கத்தி விரிந்தது. ஆனால் இறுக்கம் வழுக்கினால் அலகு போகிற இடம் தொடை. பல்லால் இழுப்பதை நான் சொல்லவே தேவையில்லை. இரண்டையும் விட்டுவிட்டோம்.

பிறகு ஊரில் உள்ள தச்சரிடம் போனோம். அவர் ஒரு துண்டு வேப்பங்கட்டையை எடுத்து, கத்தி போய் இருக்கும்படி மேற்புறத்தில் ஒரு காடி வெட்டித் தந்தார். செய்துகொள்ள விரும்புவோருக்காக அளவுகளைச் சொல்கிறேன். அண்ணையின் கத்தியின் பிடி 91 மில்லிமீற்றர் நீளம். கட்டையின் நீளமும் அதே அளவு. இரண்டு முனையிலும் கத்தி கட்டையோடு சமமாக நிற்க வேண்டும். அப்போதுதான் ஒரு முனையில் உள்ள பெரிய அலகும் மறுமுனையில் உள்ள சின்ன அலகும் தடையில்லாமல் வெளியே நீளும். காடியின் ஆழம் பிடியின் அரைவாசி உயரத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் நகம் வைக்கும் பள்ளம் உள்ளே மறைந்துவிடும். கட்டையின் உயரம் குறைந்தது 2 அங்குலம் வேண்டும். விரிந்த அலகுக்குக் கீழே விரல் போக அந்த இடைவெளி தேவை. கட்டையை மேசை ஓரத்தில் அடியில் இருந்து திருகாணி போட்டு இறுக்கினோம்.

முதல் நாள் கத்தி காடியோடு நிற்கவில்லை. அலகை இழுத்தால் கத்தியே கிளம்பி வந்தது. பழைய சைக்கிள் ரியூப்பில் இரண்டு கீற்று வெட்டிக் காடியின் இரு பக்கமும் ஒட்டினோம். அதன் பிறகு கத்தி அசையவில்லை.

விரிக்கும் முறை: கத்தியின் வாய், அதாவது அலகுகள் மடிந்திருக்கும் பக்கம், மேலே பார்க்கும்படி காடிக்குள் அழுத்த வேண்டும். பெருவிரல் நகத்தைப் பள்ளத்தில் வைத்து மேலே இழுக்க வேண்டும். அலகு செங்குத்தாக நின்றதும், அதன் முதுகைப் பிடித்து வெளிப்பக்கம் சாய்க்க வேண்டும். சத்தம் கேட்டால் விரிந்துவிட்டது. இப்போது வெட்டும் பக்கம் வானத்தைப் பார்த்து இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. பிடியை மட்டும் பக்கவாட்டில் பற்றிக் காடியில் இருந்து எடுக்க வேண்டும்.

மடிக்கும் முறை: பிடியை மறுபடி காடிக்குள் அழுத்த வேண்டும். அலகுக்குக் கீழே விரல்களை வைத்து, முதுகைத் தொட்டு மேலே தூக்க வேண்டும். நேராக நிமிர்ந்ததும் உள்ளங்கையை முதுகில் வைத்துக் கீழே தள்ள வேண்டும். தொடக்கத்தில் இருந்து முடியும் வரை கை முதுகுப் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. கூரான பக்கத்தின் வழியில் விரல் வருவதே இல்லை.

முதல் முறை அண்ணை அதைச் செய்தபோது அண்ணி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை முடிந்ததும் உள்ளே போய்விட்டார். "அவர் இனி என்னைக் கூப்பிடமாட்டார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஒவ்வொன்றும் எதற்கு

கத்தியில் பல மாதிரிகள் உண்டு. அண்ணையிடம் இருப்பது இரண்டு அலகு, பேணி திறப்பான், போத்தல் திறப்பான், தக்கை திருகி, துளையூசி, சாமணம், பற்குச்சி உள்ள சாதாரண மாதிரி. பெரிய அலகைத் தோட்ட வேலைக்கும், சின்ன அலகைச் சாப்பாட்டுச் சாமான்களுக்கும் என்று பிரித்து வைத்தால் நல்லது. மருந்து பட்ட செடியை வெட்டிய அலகால் மாம்பழம் வெட்டக் கூடாது அல்லவா.

பேணி திறப்பானின் சின்னக் கொளுக்கியைப் பேணி விளிம்பின் கீழ் மாட்டி, பிடியை மேலே தூக்கினால் தகரம் வெட்டுப்படும். பிறகு கொஞ்சம் முன்னே நகர்த்தி மறுபடி தூக்க வேண்டும். அவசரப்பட்டால் வழுக்கும். ஒற்றைக் கையால் செய்யும்போது பேணி சுழலாமல் இருக்க, அதை ஈரத் துணியின் மேல் வைத்துச் சுவரோடு அணைத்துக்கொள்ளலாம்.

தக்கை திருகி வைன் போத்தலுக்கென வந்தது. எங்கள் வீடுகளில் அதன் உண்மையான பயன் இறுகிய முடிச்சை அவிழ்ப்பது. ஆட்டுக் கயிறு, நைலோன் நூல், மழையில் நனைந்து இறுகிய தறப்பாள் முடிச்சு எல்லாவற்றுக்கும் அதன் முனையை நுழைத்து நெகிழ்த்தலாம். ஒரு கையால் முடிச்சு அவிழ்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். துளையூசியால் செருப்பு வாருக்கும் இடுப்புப் பட்டிக்கும் துளை போடலாம். அதில் உள்ள சின்னக் கண்ணில் நூல் கோத்துச் சாக்குத் தைக்கலாம். துளையூசிக்கும் பூட்டு இல்லை. மடங்கும் திசையில் பலம் கொடுக்க வேண்டாம். போத்தல் திறப்பானின் தட்டை முனை திருப்புளியாகவும் பயன்படும். நெம்ப வேண்டிய சின்ன வேலைகளுக்கு அதை எடுக்கலாம், அலகை அல்ல.

கூர், ஈரம், எண்ணெய்

மொட்டைக் கத்திதான் ஆபத்தான கத்தி. மொட்டையானால் அதிகம் அழுத்துவோம். அழுத்தினால் வழுக்கும். இந்தக் கத்திகளின் உருக்கு மிகக் கடினமானது அல்ல. அதனால் கூர் சீக்கிரம் மழுங்கும், ஆனால் தீட்டுவது இலகு. சாணைக்கல்லை ஈரத் துணியின் மேல் வைத்தால் அசையாது. கல் அசையாவிட்டால் தீட்ட ஒரு கை போதும். அலகைக் கல்லில் 15 முதல் 20 பாகை வரை சரித்துப் பிடிக்க வேண்டும். ஒரு கடதாசியின் மூலையை இரண்டு தடவை சரிபாதியாக மடித்தால் ஏறத்தாழ 22 பாகை வரும். அதை விடச் சற்றுத் தாழ்வாகப் பிடித்தால் சரி. இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் இழுக்க வேண்டும். பழைய பத்திரிகைத் தாளைக் கிழிக்காமல் வெட்டினால் போதும். மின்சாரச் சாணையில் கொடுக்க வேண்டாம். அலகு அதிகம் சூடேறினால் உருக்கின் பதம் போய்விடும்.

துருப்பிடிக்காத உருக்கு என்றால் துருவே பிடிக்காது என்பதல்ல. குறைந்தது 10.5 வீதம் குரோமியம் கலந்த உருக்கை அப்படி அழைக்கிறார்கள். அந்தக் குரோமியம் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலமாக நின்று காக்கிறது. உப்புக் காற்றும் புளியும் சேர்ந்து நெடுநேரம் இருந்தால் அந்தக் காவலும் தளரும். கடற்கரையில் இருப்பவர்கள் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தே மடிக்க வேண்டும். பலாப்பழம் வெட்டும் முன் அலகில் தேங்காயெண்ணெய் பூசினால் பால் ஒட்டாது. ஆனால் மூட்டுக்குத் தேங்காயெண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்துப் பிசுபிசுக்கும். இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் மூட்டைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி விட்டால் போதும். சாப்பாட்டுக்குப் பாவிக்கும் முன் அலகைத் துடைத்துவிட வேண்டும். மூட்டு இலகுவாக அசைவது ஒற்றைக் கைக்காரருக்கு எல்லாவற்றிலும் முக்கியம்.

புதிதாக வாங்குவோருக்கு

இதே சுவிஸ் இராணுவம் 2008 ஆம் ஆண்டு மாதிரியாகத் தெரிவு செய்த கத்தியின் பிடி 111 மில்லிமீற்றர். அதன் அலகில் ஒரு முட்டை வடிவத் துளை உண்டு. பெருவிரலை அந்தத் துளையில் வைத்துத் தள்ளினால் பிடித்த கையாலேயே விரியும். விரிந்ததும் பிடிக்குள் உள்ள தகடு ஒன்று நகர்ந்து அலகைப் பூட்டும். இரண்டு கையும் உள்ளவர்களுக்கே ஒரு கையால் திறக்கும் கத்தி தேவைப்பட்டிருக்கிறது. ஒரு கை மட்டும் உள்ளவருக்கு வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குவதில் தயங்க என்ன இருக்கிறது?

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை சில. அலகில் துளையோ பெருவிரல் வைக்கும் குமிழோ இருக்க வேண்டும். பூட்டு இருக்க வேண்டும். தகட்டுப் பூட்டுக் கத்திகளில் பெரும்பாலானவை வலக்கைக்காரருக்காகச் செய்யப்பட்டவை. இடது கை மட்டும் உள்ளவர் கடையில் கையில் எடுத்துப் பார்த்தே வாங்க வேண்டும். தகட்டைத் தள்ளி மடிக்கும்போது பெருவிரல் அலகின் வழியில் நிற்கும். அலகு அசையத் தொடங்கியதும் விரலை எடுத்துவிட்டு, முதுகைத் தொடையிலோ மேசையிலோ அழுத்தி மூடலாம். பிரான்ஸில் இருந்து வருபவர்கள் கொண்டுவரும் மரப்பிடி ஒப்பினெல் கத்தி 1890 இல் ஜோசப் ஒப்பினெல் வடிவமைத்தது. 1955 இல் அதற்கு ஒரு வளையப் பூட்டு வந்தது. நல்ல கத்திதான். ஆனால் விரிக்கவும் வளையத்தைத் திருப்பவும் இரண்டு கை எதிர்பார்க்கும்.

கத்தியைப் பயணப் பெட்டிக்குள் வைத்துத்தான் அனுப்ப வேண்டும். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பறிபோகும். ஊரிலும் அது வீட்டிலும் தோட்டத்திலும் இருக்கட்டும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கும் நீதிமன்றத்துக்கும் திருவிழாவுக்கும் போக வேண்டாம். சோதனைச் சாவடிகளில் பையைக் கொட்டிக் காட்டிய காலத்தை மறக்காத எங்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

வெளிநாட்டில் உள்ள உறவுகளுக்கு ஒன்று. நீங்கள் வாங்கி வருகிற பொருளின் விலையை இங்கே யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் அதைத் திறக்கப் போகிற கை எப்படி இருக்கிறது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். தெரியாவிட்டால் தொலைபேசியில் கேளுங்கள். கேட்டால் மனம் நோகும் என்று நினைத்துக் கேட்காமல் விடுவதுதான் கூடுதலாக நோகும். அந்த மருமகன் போன கிழமை வீடியோவில் கதைத்தபோது, ஒரு கையால் திறக்கும் கத்தியை மாற்றி அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறான். அண்ணை வேண்டாம் என்றுவிட்டார். தொலைபேசியை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, கட்டையில் வைத்துக் கத்தியை விரித்து, கோழித்தீன் மூடையின் நூலை அறுத்துக் காட்டியிருக்கிறார்.

"பெடியன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை" என்றார் என்னிடம். பிறகு, பக்கத்து ஊரில் வலது கை இல்லாத ஒருவர் இருப்பதாகவும், அவருக்கும் ஒரு கட்டை வெட்ட வேண்டும் என்றும், வரும்போது அளவுகோலைக் கொண்டு வரும்படியும் சொன்னார்.